சேதுவில் கேட்கப்படாத கேள்விகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2007 செப்டம்பர் 12 அன்று இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கலானது. வால்மீகி ராமாயணமும் துளசிதாசரின் நூலும் நாட்டின் பழம்பெரும் இலக்கியங்கள்தாம். ஆனால் அவற்றில் வரும் மாந்தர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு மறுக்க முடியாத வரலாற்றுச் சான்றாக அவற்றைக் கொள்ள இயலாது என்பது அதன் சாரம். இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. துறை அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அமைச்சர் ஒருவர் இன்னோர் அமைச்சரைப் பதவி விலகச் சொன்னார். ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்துப் பாலம் கட்டினார் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி கேட்க, வடக்கே கொதிப்பு ஏறியது. அதே மாதம் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்றுக்குத் தீ வைத்தார்கள். அதில் இருவர் கருகிச் செத்தார்கள்.

வழக்கோ, ராமர் கட்டிய பாலம் என்று பலர் நம்பும் மணல் திட்டுகளை வெட்டிக் கப்பல் போக அமைக்கவிருந்த சேதுக் கால்வாயைப் பற்றியது. எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது, தோண்டினால் நிற்குமா, கப்பல் வருமா, மீன் போகுமா என்பவைதான் அதன் இயல்பான கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லும் தகுதி உள்ளவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். பலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் 2007இன் அந்தச் சில வாரங்களுக்குப் பிறகு பொதுவெளியில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது: ராமர் இருந்தாரா, இல்லையா? மண்ணியலாளரும் கடலியலாளரும் கப்பல் மாலுமியும் பாம்பன் மீனவரும் ஒரே வீச்சில் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அரசியல் சண்டையில் நம்பிக்கையும் நிபுணர் சான்றும் மோதும்போது என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள, தமிழருக்கு இதைவிட அருகில் உள்ள எடுத்துக்காட்டு வேறில்லை.

திட்டத்தின் உருவத்தை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு வரும் கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். இடையே உள்ள கடல் ஆழம் போதாது. மன்னார் வளைகுடாவிலிருந்து மணல் திட்டுகளை வெட்டி, பாக் நீரிணை வழியாக வங்கக் கடலுக்கு 167 கிலோமீட்டர் நீளத்தில், 300 மீட்டர் அகலத்தில், 12 மீட்டர் ஆழத்தில் ஒரு பாதை என்பது திட்டம். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். கடலடியிலிருந்து அள்ள வேண்டிய மண் 8 கோடியே 25 லட்சம் கனமீட்டர். பயணத் தொலைவில் 424 கடல் மைல் வரை மிச்சமாகும், நேரத்தில் 30 மணி வரை குறையும் என்றது அரசு. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1860இல் இந்தியக் கடற்படை அதிகாரி டெய்லர் முதலில் ஒரு வரைவைக் கொடுத்தார். பிறகு எத்தனையோ வரைவுகள் வந்தன. 1955இல் மத்திய அரசு ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சேதுத் திட்டத்தையும் சேலம் இரும்பாலையையும் கோரித் தமிழ்நாடு முழுவதும் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1998இல் சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில் பிரதமர் வாஜ்பாயும் இதை நிறைவேற்றுவதாக அறிவித்தார். இந்தப் பெயர் வரிசையைப் பார்த்தாலே தெரியும்: எந்தக் கட்சியும் ஒருகாலத்தில் இதற்கு எதிரியாக இருக்கவில்லை.

முதலியார் குழுவின் அறிக்கையில் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கால்வாய் வேண்டும் என்றுதான் அந்தக் குழு பரிந்துரைத்தது. ஆனால் கரை நிலத்தை வெட்டிக் கால்வாய் அமையுங்கள், ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகளைக் கடலுக்குள் வெட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்றது. காரணம் அந்தத் திட்டுகள் இடம் மாறுபவை. நிலத்தை வெட்டிய சூயஸில் இருபுறமும் கரை உண்டு. திறந்த கடலில் மணலை வெட்டினால் கரை ஏது? ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். அள்ள அள்ளப் பக்கம் சரிந்து குழி மூடிக்கொண்டே வரும். இது 1950களில், எந்த மதச் சச்சரவும் இல்லாத நாளில், திட்டத்தை ஆதரித்த ஒரு குழு எழுதி வைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, அந்தக் குழுவின் பெயரைச் சொல்லியே திட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர்கள், குழு வேண்டாம் என்ற இடத்தைத்தான் வெட்டப் புறப்பட்டார்கள்.

ராமேஸ்வரம் தீவில் வாழ்பவர்களுக்கு மணலின் போக்கு புத்தகப் பாடமல்ல. கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பக்கம் குவியும் மணலை வாடைக்காற்றுக் காலம் மறுபக்கம் தள்ளும். அரிச்சல்முனையின் நுனி ஆண்டுக்கு ஆண்டு வேறு வடிவில் நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடி ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் கடலுக்குப் பலியானது. இவ்வளவு கொந்தளிக்கும் இடத்தில் தோண்டிய பாதை எத்தனை மாதம் திறந்திருக்கும், அதைத் திறந்து வைக்க ஆண்டுதோறும் எவ்வளவு மண் அள்ள வேண்டும், அந்தச் செலவை எந்தக் கப்பலின் கட்டணம் ஈடுகட்டும்? நிலவியலாளர் சி.பி. ராஜேந்திரன் போன்றவர்கள் ஆய்விதழ்களில் இதை எழுப்பினார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 2004இல் முடித்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26இல்தான் ஆழிப்பேரலை வந்தது. பேரலை ஆய்வில் உலகப் பெயர் பெற்ற டாட் மூர்த்தி, கால்வாயின் வங்கக் கடல் பக்க வாயிலைத் திட்டமிட்டபடி அமைத்தால் அடுத்த பேரலையின் வேகத்தை அது தென் கேரளம் நோக்கித் திருப்பிவிடலாம் என்று எச்சரித்தார். மறுப்பவர்கள் மறுக்கட்டும், கணக்கைப் போட்டு மறுக்க வேண்டும். பேரலை வந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் தொடக்க விழா நடந்துவிட்டது.

கடலின் உயிர்களைப் பற்றிய கணக்கும் இருந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியே இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்து போனதை இந்தக் கரை கண்டிருக்கிறது. கலங்கிய நீர் வெயிலை மறைத்தால் பவளம் மூச்சுத் திணறும். கடற்புல் வாடினால் அதை மேயும் கடல்பசு வேறு எங்கும் போக முடியாது. ஆழப்படுத்தும் கப்பல் கிளப்பும் சேறு எவ்வளவு தூரம் பரவும் என்பதை அளந்து சொல்ல முடியும். அளந்தவர்கள் சொன்னதை வைத்து வழக்காட முடியும்.

மீனவர்களுக்கோ இது சோற்றுப் பிரச்சினை. கடலோர மாவட்டங்களில் 2004இல் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கப்பல் பாதை என்றால் அதில் வலை விரிக்க முடியாது, குறுக்கே போகவும் கட்டுப்பாடு வரும், ஒருபுறம் எல்லைக்கோடு, மறுபுறம் கால்வாய் என்றால் நாட்டுப்படகுக்காரர் எங்கே போவார்? ராமேஸ்வரக் கடற்கரையில் கத்தோலிக்க மீனவர்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு, இந்துக்கள் உண்டு. நீவாடு (நீரோட்டம்) பார்த்துக் கடலுக்குப் போகும் அவர்கள் எல்லாருக்கும் இருந்த அச்சம் ஒன்றுதான். அவர்கள் பேசியதில் ராமரும் இல்லை, ராமர் மறுப்பும் இல்லை. அதனாலேயே தொலைக்காட்சிகளுக்கு அவர்கள் பயன்படவில்லை.

லாபக் கணக்கை மாலுமிகள் போட்டார்கள். கடற்படையில் பணியாற்றிய கேப்டன் எச். பாலகிருஷ்ணன் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி எளியது: தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரும் கப்பலுக்கு மிச்சமாகும் நேரம் ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வரும் கப்பலுக்கு மிச்சமாகாது, இலங்கையைச் சுற்றிப் போனாலும் அவற்றுக்குக் கூடுதல் தொலைவு குறைவுதான். கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், பைலட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பொருளியலாளர் ஜேக்கப் ஜான் 2007இல் இந்தக் கணக்கை விரிவாக எழுதினார். மேலும் 12 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 30,000 டன் கப்பல்தான் போக முடியும். உலகமோ பெரிய கப்பல்களுக்கு மாறிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் கையில் இருந்தும், திட்டத்தை எதிர்த்தவர்களில் உரத்த குரல் கொண்டவர்கள் வேறு சான்றைத் தேடினார்கள். 2002 முதல் நாசாவின் விண்வெளிப் படம் ஒன்று சுற்றிவந்தது, அது 17.5 லட்சம் ஆண்டுப் பழமையான பாலத்தைக் காட்டுகிறது என்றார்கள். படம் எங்களுடையது, விளக்கம் எங்களுடையது அல்ல, மேலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒரு திட்டின் வயதையோ மனிதர் கட்டியதா என்பதையோ சொல்ல முடியாது என்று நாசா விளக்கியது. மனித இனத்துக்கே ஏறக்குறைய மூன்று லட்சம் ஆண்டுதான் வயது. சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியூழி உச்சத்தில், உலகக் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. ஆக அன்று இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. 2024இல் இந்திய விண்வெளி ஆய்வு விஞ்ஞானிகள் செயற்கைக்கோளின் லேசர் கதிர்களைக் கொண்டு நீருக்கடியில் இந்தத் திட்டை 29 கிலோமீட்டர் நீளத்துக்கு வரைந்து காட்டினார்கள். தனுஷ்கோடியும் இலங்கையின் தலைமன்னாரும் கடலுக்குள் தொடர்ந்து நீள்வதே அது என்பது அவர்கள் முடிவு.

இதில் வருத்தம் தருவது, நம்பிக்கைக்கு இந்தச் சான்று தேவையே இல்லை என்பதுதான். காசியிலிருந்து கால்கடுக்க வந்து அக்னி தீர்த்தத்தில் முழுகும் மூதாட்டி நாசா படம் பார்த்து வரவில்லை. அவருடைய வழிபாட்டுரிமையை அரசியல் சட்டம் காக்கிறது. அகழாய்வு அறிக்கை கொண்டுவந்தால்தான் காப்போம் என்று அது சொல்லவில்லை. சேதுவைக் காக்க விரும்பிய தலைவர்கள் விசுவாசத்தின் வலுவில் நிற்காமல் போலி அறிவியலின் துணையைத் தேடியபோது, அந்த மூதாட்டியின் நம்பிக்கையையும் பொய்யாக்கக் கூடிய ஒன்றாக மாற்றிவிட்டார்கள்.

மறுதரப்பும் அதே குழியில் விழுந்தது. தொல்லியல் துறையின் வேலை, ஓர் இடத்தில் பாதுகாக்க வேண்டிய தொல்பொருள் உண்டா என்று பார்ப்பது. அந்தத் திட்டில் மனிதர் கட்டியதன் தடயம் எங்களிடம் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அது துறைசார்ந்த பதில். காவிய மாந்தரின் இருப்பைப் பற்றி நீதிமன்றத்தில் பேச அதை இறக்கியது அரசின் பெரும் பிழை. கல்வெட்டும் மண்ணடுக்கும் படிக்கத் தெரிந்தவர்களைக் கடவுள் வழக்கில் சாட்சியாக நிறுத்தினார்கள். கூச்சல் எழுந்ததும் அவர்களையே பலி கொடுத்தார்கள். அடுத்த முறை உண்மையான துறைக் கேள்வி வரும்போது எந்த அதிகாரி துணிந்து கையெழுத்திடுவார்?

அதன் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 2008 ஜூலையில் மத்திய அரசின் சார்பில் வாதாடிய மூத்த வழக்கறிஞர் ஃபாலி நாரிமன், இலங்கையிலிருந்து திரும்பும்போது ராமரே பாலத்தை உடைத்துவிட்டார் என்று கம்பராமாயணத்தைச் சான்று காட்டி வாதிட்டார். பத்து மாதம் முன்பு காவியம் சான்றாகாது என்ற அரசு, இப்போது காவியத்தையே சான்றாக நீட்டியது. அந்த நீதிமன்றத்தில் அன்று பவளமும் மணலும் பாம்பனும் எங்கே இருந்தன?

தமிழ்நாட்டுக்குள் பேச வேண்டிய இன்னொரு நம்பிக்கையும் உண்டு. சேதுக் கால்வாய் தமிழரின் 150 ஆண்டுக் கனவு என்ற சொல் மேடைதோறும் ஒலித்தது. கனவு என்று பெயர் வைத்த பின் கணக்குக் கேட்பவர் துரோகியாகிவிடுகிறார். கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட இயக்கம், எதையும் ஏன் எதற்கு என்று கேட்கச் சொல்லித்தந்த இயக்கம், இந்த ஒரு திட்டத்தைக் கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் வைத்தது. மீனவர் சொன்னால் தூண்டிவிடப்பட்டவர், சூழலியலாளர் சொன்னால் மதவாதிக்குத் துணைபோனவர். மதவாதிகள் எதிர்க்கிறார்கள் என்பதே திட்டம் சரி என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒருகாலத்தில் திட்டத்தைக் கேட்டு நின்ற அ.தி.மு.க. பின்னர் சேதுவைத் தேசியச் சின்னமாக அறிவிக்கக் கோரியது. கட்சிகள் இடம் மாறிக்கொண்டன. மணலின் போக்கோ கப்பலின் கணக்கோ மாறவில்லை.

நம்பிக்கையும் சான்றும் ஒரே வழக்கில் வந்தால் இப்படித்தான் முடியும் என்று கைவிரிக்க வேண்டியதில்லை. அதே உச்ச நீதிமன்றம் சில ஆண்டுகளில் வேறொரு வழி காட்டியது. ஒடிசாவின் நியாம்கிரி மலை டோங்ரியா கோந்த் பழங்குடிக்குத் தெய்வமான நியாம் ராஜாவின் இருப்பிடம். அந்த மலையுச்சியில் பாக்சைட் வெட்டி வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்குக் கொடுப்பது திட்டம். காடு, நீரூற்று, வனச்சட்டம் ஆகியவற்றை என்.சி. சக்சேனா தலைமையிலான நிபுணர் குழு ஆராய்ந்து கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 2010இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழிபாட்டுரிமை பாதிக்கப்படுமா என்ற கேள்வியை 2013 ஏப்ரல் 18 தீர்ப்பில் நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. நியாம் ராஜா இருக்கிறாரா என்று எந்தத் துறையும் பிரமாணப் பத்திரம் போடவில்லை. மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர்ந்திருக்க, 12 கிராமங்கள் ஒவ்வொன்றாகக் கூடிப் பேசின. பன்னிரண்டும் மறுத்தன. காட்டைப் பற்றி வனவியலாளரிடமும் தெய்வத்தைப் பற்றி அதை வணங்குகிறவர்களிடமும் கேட்டார்கள். இரண்டு பதிலும் ஒன்றையொன்று மிதிக்கவில்லை.

சேதுவில் இதற்கான வாய்ப்பு வந்தது, தவறவிடப்பட்டது. மாற்றுப் பாதை சாத்தியமா என்று பார்க்க 2008இல் ஆர்.கே. பச்சௌரி தலைமையில் பிரதமர் ஒரு குழு அமைத்தார். தனுஷ்கோடித் தரைப்பகுதியை வெட்டும் மாற்றுப் பாதையைக் குழு ஆராய்ந்தது. பொருளாதார நோக்கிலும் சூழல் நோக்கிலும் அது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று முடிவு சொன்னது. குழுவை அமைத்த அரசே 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில், அந்த அறிக்கையை ஏற்கவில்லை, பழைய பாதையிலேயே போக விரும்புகிறோம் என்றது. பின்னர் வந்த அரசு 2018இல், சேதுவைத் தொடாமல் வேறு பாதை பார்க்கிறோம் என்றது. முன்னவருக்குக் கனவு பெரிது, பின்னவருக்குச் சேது பெரிது. நிபுணர் குழு கண்டது இருவர் காதிலும் ஏறவில்லை. பல நூறு கோடி ரூபாய் பாக் நீரிணையின் சேற்றில் கரைந்த பின்னும், ஒரு கப்பல்கூட அந்தப் பாதையில் போகவில்லை.

2023 ஜனவரி 12 அன்று திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஒருமனது என்பது மகிழ்ச்சிதான். ஆனால் 2004இல் முடிந்த அந்த மதிப்பீடுகளின் வயது 20ஐத் தாண்டிவிட்டது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் கடல்வெப்பத்தால் வெளுத்தன, அவற்றில் ஒரு பகுதி மடிந்தது. 2024இல் இயங்கத் தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் இருக்கிறது. பெருங்கப்பல்கள் அங்கே நின்று சரக்கை மாற்றிக்கொண்டு போகின்றன. 12 மீட்டர் பாதைக்கு இனி எத்தனை கப்பல் வரும் என்பதைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கும் பச்சௌரி குழுவின் அறிக்கையும் தமிழில் அச்சாகி, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி, ஜெகதாப்பட்டினம் ஊர்க் கூட்டங்களில் வாசிக்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் அந்தக் கூட்டங்களின் முன் வைக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு நான்கு மாதம் முன், 2022 செப்டம்பரில், இதே தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கால்வாய்க்கு அள்ளும் சேறு நீரோட்டத்தில் அந்தக் கடற்புல் படுகை வரை வந்து சேருமா என்பதை ஒரு கடலியலாளர் ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான் காலமும் அளந்தால் சொல்லிவிடுவார். அளக்கும் பணியை யாருக்குக் கொடுப்பது, எப்போது தொடங்குவது என்பதைச் சட்டமன்றத்தின் அடுத்த தீர்மானம் சொல்லட்டும்.